காலி நாற்காலிகள் யார் குற்றம்?

– மூன்றாமாண்டு சிவில் மாணவன் ஒருவன்



இந்த மலருக்குக் கட்டுரை கேட்டபோது, நான் பேஸ்பால் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். மலர்க் குழுவில் இருந்த நண்பன் சிரித்துவிட்டான். "ஏன்டா, நம்ம காலேஜ்ல கிரிக்கெட் மட்டையே ஒண்ணுதான் இருக்கு, அதுக்கும் கைப்பிடி ரப்பர் கிடையாது. நீ அமெரிக்காக்காரன் ஆட்டத்தை எழுதப் போறியா?" என்றான். எழுதத்தான் போகிறேன். மூன்று வருஷமாக மனசுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கும் விஷயம். எங்கேயாவது கொட்டியாக வேண்டும்.

2023-இல் முதலாமாண்டு சேர்ந்த புதிதில், விடுதியில் ஒரு சீனியர் அண்ணன் லேப்டாப்பில் 'மனிபால்' என்று ஒரு படம் போட்டார். மணிப்பால் காலேஜைப் பற்றிய படம் என்று நினைத்துத்தான் நான் போய் உட்கார்ந்தேன்! அது 2011-இல் வந்த ஆங்கிலப் படம். கலிஃபோர்னியாவில் ஓக்லண்ட் என்று ஓர் ஊர். சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில், துறைமுகமும் பெரிய பெரிய கிரேன்களும் உள்ள உழைப்பாளிகளின் ஊர். அந்த ஊர் டீம்தான் அத்லெட்டிக்ஸ், சுருக்கமாக 'ஏஸ்'. கையில் பணம் இல்லாத டீம். மற்ற டீம்கள் வேண்டாம் என்று தள்ளிய ஆட்டக்காரர்களை, ஜெனரல் மேனேஜர் பில்லி பீன் கணக்குப் போட்டுப் பொறுக்கி எடுக்கிறார். 2002-இல் அந்த டீம் தொடர்ந்து 20 ஆட்டம் ஜெயித்தது. அந்த வருஷம் மொத்தம் 103 வெற்றி. படம் முடிந்ததும், "இந்த டீம் இப்ப எப்படிண்ணா ஆடுது?" என்று கேட்டேன். அண்ணன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "டேய், லீக்லயே கடைசிடா" என்றார்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பேஸ்பால் நம் கிரிக்கெட்டுக்குப் பங்காளி மாதிரி. மேஜர் லீக்கில் 30 டீம். ஒரு டீமுக்கு வருஷத்துக்கு 162 ஆட்டம். டிரா என்ற பேச்சே இல்லை. சிக்ஸர் மாதிரி ஹோம்ரன். இவ்வளவு தெரிந்தால் போதும். அங்கே இரவு ஆட்டம் என்றால் இங்கே காலை. மெஸ்ஸில் பொங்கல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் முதல் இன்னிங்ஸ் ஆரம்பிக்கும். முதல் பீரியடுக்கு மணி அடிப்பதற்குள் நம்ம டீம் தோற்க ஆரம்பித்திருக்கும். 2023-இல் 50 வெற்றி, 112 தோல்வி. இப்படி ஒரு டீமுக்கு ரசிகனாக இருப்பது அரியர் வைத்துக்கொண்டு அலைவது மாதிரிதான். வெளியே சொல்லவும் முடியாது, விட்டுவிடவும் முடியாது.

தோற்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. யாராவது ஒருத்தர் கடைசியில் வரத்தானே வேண்டும்? என் கோபம் வேறு. அந்த டீமின் முதலாளி ஜான் ஃபிஷர் தரப்பு பல வருஷமாக ஒரே பாட்டைப் பாடியது: "ஸ்டேடியம் பழசு, ஜனங்கள் வருவதில்லை, அதனால் ஊரைவிட்டுப் போகிறோம்." இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு பொய் என்று ஒரு சிவில் மாணவனாகக் கொஞ்சம் கிளறிப் பார்க்கிறேன்.

ஸ்டேடியத்தின் பெயர் கொலீசியம். 1966-இல் திறந்தது. சுற்றிலும் கான்கிரீட் வட்டம். பள்ளம் தோண்டி மைதானத்தைக் கீழே இறக்கி, தோண்டிய மண்ணை வெளியே கரையாக அணைத்து, நடுவில் கேலரி கட்டினார்கள். வெளியிலிருந்து உள்ளே நுழைந்தால் கீழ்க் கேலரியின் உச்சியில் நிற்போம். ஏறவே வேண்டாம், இறங்கினால் போதும். அழகான யோசனைதான். ஆனால் மைதானம் கடல் மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. நம் சானிட்டரி என்ஜினியரிங் பாடத்தில் என்ன படிக்கிறோம்? கழிவுநீர் தானாக ஓடச் சரிவு வேண்டும். சரிவு இல்லாத இடத்தில் பம்ப் வேண்டும். பம்பும் குழாயும் ஒழுங்காக இருக்க வேண்டும். 2013 ஜூன் 16 அன்று சியாட்டில் டீமோடு ஆட்டம் முடிந்து ஆட்டக்காரர்கள் குளிக்கப் போனால், கழிவுநீர் எதிர்த்து வந்து உடைமாற்றும் அறையில் நிற்கிறது. இரண்டு டீமும் மாடியில் இருந்த ஃபுட்பால் டீமின் அறைக்கு ஓடி ஒரே ஷவரில் வரிசை கட்டினார்கள். உலகத்தின் பணக்கார நாட்டில்! 2023-இல் வர்ணனையாளர்கள் உட்காரும் அறைக்குள் பெருச்சாளி மாதிரி ஒரு மிருகம் குடியேறி, வெளியூர் வர்ணனையாளர்கள் வேறு அறைக்கு மாற வேண்டியதாயிற்று. பூனைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஒரு கூத்து நடந்தது. ரெய்டர்ஸ் என்ற ஃபுட்பால் டீம் 1995-இல் ஓக்லண்டுக்குத் திரும்பி வந்தது. அதைச் சந்தோஷப்படுத்த, மைதானத்தின் பின்பக்கத்தில் மலை மாதிரி ஒரு கேலரியை எழுப்பினார்கள். ரெய்டர்ஸ் முதலாளியின் பெயரைச் சேர்த்து ஜனங்கள் அதற்கு 'மவுண்ட் டேவிஸ்' என்று கேலிப் பெயர் வைத்தார்கள். அதுவரை பேஸ்பால் பார்க்கிறவர்களுக்கு எதிரே ஓக்லண்டின் பச்சை மலைகள் தெரியும். அதற்குப் பிறகு கான்கிரீட்தான் தெரிந்தது. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து பேஸ்பால் பார்க்க யார் வருவார்கள்? 2006-இல் மேல் கேலரிகளைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். ரெய்டர்ஸும் 2019 சீசனோடு லாஸ் வேகாஸுக்குக் கிளம்பிவிட்டது. கட்டின கடனை அதற்குப் பிறகும் நகரமும் கவுண்டியும் தவணை கட்டிக்கொண்டிருந்தன. ஆட்டக்காரன் போய்விட்டான், வட்டி நின்றபாடில்லை.

ஆகவே ஸ்டேடியம் மோசம் என்பது நிஜம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'பழசு' என்ற வார்த்தைதான் எனக்கு இடிக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் டாட்ஜர் ஸ்டேடியம் 1962-இல் திறந்தது. கொலீசியத்துக்கு நாலு வருஷம் மூத்தது. 2025-இல் அங்கே 40 லட்சத்துக்கும் மேல் கூட்டம்! பாஸ்டனில் ஃபென்வே பார்க் 1912-இல் கட்டியது. சிகாகோவில் ரிக்லி ஃபீல்ட் 1914. நூறு வருஷம் தாண்டிய கட்டடங்களில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்து ரசிக்கிறார்கள். கட்டடம் வயசானதால் சாவதில்லை, பராமரிப்பு இல்லாமல்தான் சாகிறது. இது இரண்டாமாண்டு பையனுக்கே தெரிந்த விஷயம்.

அடுத்து, 'ஜனங்கள் வருவதில்லை' என்ற புகார். 1980 முதல் 1995 வரை டீம் வால்டர் ஹாஸ் குடும்பத்திடம் இருந்தது. லீவை ஜீன்ஸ் கம்பெனிக்காரர்கள். ஊரோடு ஒட்டிப் பழகினார்கள், நல்ல ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். 1989-இல் டீம் உலகத் தொடர் ஜெயித்தது. பூகம்பம் வந்து பத்து நாள் நின்று போன தொடர் அது. எதிரில் ஆடியது வளைகுடாவின் அக்கரை ஊரான சான்ஃபிரான்சிஸ்கோ. நாலுக்கு நாலும் ஓக்லண்ட் ஜெயித்தது. 1990-இல் இதே கொலீசியத்துக்கு 29 லட்சம் பேர் வந்தார்கள். இதே ஊர், இதே கான்கிரீட், இதே ரயில் நிலையம். ஆமாம், ஸ்டேடியத்து வாசலிலேயே ரயில் நிற்கும், நடைபாலம் வழியாக நேராக உள்ளே வரலாம். 2022-இல் வந்தவர்கள் எட்டு லட்சம்கூட இல்லை. 32 வருஷத்தில் ஊர் ஜனங்களுக்கு ஆட்டம் மறந்தா போய்விட்டது?

நடந்தது இதுதான். 2005-இல் டீம் லூ வோல்ஃப், ஜான் ஃபிஷர் கைக்கு வந்தது. ஃபிஷரும் துணிக்கடைக் குடும்பத்துப் பிள்ளைதான், 'கேப்' கம்பெனியை ஆரம்பித்தவர்களின் மகன். ஜீன்ஸ் விற்ற ஒருவர் வளர்த்த டீமை, ஜீன்ஸ் விற்றவர்களின் பிள்ளை இப்படிச் செய்தார். 2021-இல் டீம் 86 ஆட்டம் ஜெயித்தது. மோசமில்லை. அடுத்த சீசன் ஆரம்பிப்பதற்குள் மேட் ஓல்சன், மேட் சாப்மன், கிறிஸ் பாசிட், ஷான் மனாயா என்று முதுகெலும்பான ஆட்டக்காரர்கள் எல்லோரையும் சில வாரங்களுக்குள் வேறு டீம்களுக்குத் தள்ளிவிட்டார்கள். வருஷக் கடைசியில் விக்கெட் கீப்பர் மாதிரி இருந்த ஷான் மர்ஃபியும் போனார். 2022-இல் 102 தோல்வி. 2023-இல் லீக்கிலேயே குறைந்த சம்பளப் பட்டியல் ஓக்லண்டுடையதுதான். 2023 மே 15-ஆம் தேதி ஆட்டத்துக்கு வந்தவர்கள் 2,064 பேர். நம் காலேஜ் ஸ்போர்ட்ஸ் டேக்கு வரும் கூட்டம் பரவாயில்லை! இதையெல்லாம் செய்துவிட்டு, காலி நாற்காலியைப் படம் பிடித்துக் காட்டி "பாருங்கள், இந்த ஊர் ஜனங்களுக்கு டீம் மேல் ஆசையே இல்லை" என்றால் எப்படி?

இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அப்பா 22 வருஷம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சைடர் பார்த்தவர். மில்லின் பெயர் இங்கே வேண்டாம். நான் எட்டாவது படிக்கும்போது மூடினார்கள். நோட்டீஸில், தொடர் நஷ்டம், மிஷின்கள் பழையவை, ஆட்கள் ஒழுங்காக வருவதில்லை என்று எழுதியிருந்தது. அப்பா அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். "பெல்ட்டு தேஞ்சா மாத்தறதில்லை. ஸ்பிண்டில் போனா அப்படியே வுட்டுருவாங்க. நல்லா ஓடிட்டிருந்த மிஷினைக் கழட்டி அவுங்க இன்னொரு மில்லுக்கு ஏத்திட்டுப் போயிட்டாங்க. ஷிப்டுக்குப் போனா வேலை இல்லைன்னு திருப்பி அனுப்புனாங்க. அப்பறம் ஆள் வரலைன்னு எழுதறாங்களே" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

2024 மே மாதம் லீவில் வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் திண்ணையில் உட்கார்ந்து போனில் ஆட்டம் பார்க்கும்போது அப்பா டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, ஆட்டம் நடக்குது, ஆளையே காணம்?"

"அந்த மொதலாளி ஊரைக் காலி பண்றாருங்கப்பா. கிரவுண்டு பழசு, ஆள் வரலைங்கறாரு."

"நல்லா ஆடற பசங்கள மொதல்லயே வித்திருப்பானே?"

பேஸ்பால் மட்டை உருண்டையா தட்டையா என்றுகூடத் தெரியாத மனிதர் அவர்!

ஓக்லண்ட் ரசிகர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 2023 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் இடம் பார்த்துவிட்டோம் என்று டீம் அறிவித்தது. அதற்கு முன்புவரை 'ஓக்லண்டில் வேரூன்றியவர்கள்' என்று விளம்பரம் செய்துகொண்டிருந்த டீம் இது! ரசிகர்கள் யோசித்தார்கள். பகிஷ்கரிப்பு என்றால் போகாமல் இருப்பது. போகாமல் இருந்தால் முதலாளிக்குத்தான் வசதி. ஆகவே தலைகீழ்ப் பகிஷ்கரிப்பு செய்தார்கள். 2023 ஜூன் 13, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. 27,759 பேர் வந்து நிறைந்தார்கள். 'விற்றுவிடு' என்று எழுதிய பச்சைச் சட்டை. முரசு அடித்து, "டீமை விற்றுவிடு" என்று ஒரே கோஷம். அன்றைக்கு எதிரில் ஆடியது லீக்கிலேயே முதலிடத்தில் இருந்த டாம்பா பே. அவர்களை 2-1 என்று ஓக்லண்ட் ஜெயித்தது. அந்த ஆட்டத்தின் பதிவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. லீக்கின் தலைவர் ராப் மான்ஃப்ரட் அடுத்த இரண்டு நாளில் என்ன சொன்னார் தெரியுமா? ஒரு நாள் மட்டுமாவது சராசரிக் கூட்டம் வந்ததில் சந்தோஷம் என்கிற தோரணையில் கிண்டல் செய்தார். அதே வாரம் நெவாடா மாநிலம் லாஸ் வேகாஸ் ஸ்டேடியத்துக்கு மக்கள் வரிப் பணத்திலிருந்து 38 கோடி டாலர் வரை கொடுக்கச் சட்டம் போட்டது. நவம்பரில் 30 டீம் முதலாளிகளும் ஓட்டுப் போட்டார்கள். 30-க்கு 30, போகலாம் என்று.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓட்டுப் போட்டவர்கள் முதலாளிகள் மட்டும். ஆட்டக்காரனுக்கு ஓட்டு இல்லை, ஊருக்கு இல்லை, இருபது முப்பது வருஷம் கேலரியில் கடலை விற்றவனுக்கு இல்லை. இங்கிலாந்து கால்பந்தில் கடைசியில் வந்தால் கீழ் டிவிஷனுக்குத் தள்ளிவிடுவார்கள். பேஸ்பாலில் அது கிடையாது. கடைசியில் வந்தால் அடுத்த வருஷம் நல்ல இளைஞர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை. பெரிய ஊர் டீம்களின் வருமானத்திலிருந்து சின்ன டீம்களுக்குப் பங்கு வேறு. போட்டியாக இன்னொரு டீமை அந்த ஊரில் இறக்கலாம் என்றால் லீக் விடாது. ஏகபோகத்துக்கு எதிரான சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என்று 1922-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தோற்றாலும் லாபம் வரும் வியாபாரம் நம் ஊரில் ஏதாவது உண்டா? எனக்குத் தெரிந்து வட்டிக் கடைதான்.

ஓக்லண்ட் நகர நிர்வாகமும் சொக்கத்தங்கம் இல்லை. கட்டடம் நகரத்துக்கும் கவுண்டிக்கும் பொதுச்சொத்தாக இருந்தது. இரண்டு வீட்டு மாப்பிள்ளை பட்டினி கிடந்த கதைதான். டீமுக்குப் புதிய இடம் தேடி ஃப்ரீமான்ட் என்றார்கள், சான் ஹோசே என்றார்கள், 2017-இல் ஒரு கல்லூரி நிலம் என்றார்கள், கடைசியில் துறைமுகத்தில் ஹோவர்ட் டெர்மினல் என்றார்கள். வருஷக் கணக்கில் பேச்சு, வரைபடம், மறுபடி பேச்சு. நம் ஊர் மேம்பாலம் போலத்தான். அதற்குள் வாரியர்ஸ் கூடைப்பந்து டீம் 2019-இல் சான்ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டது, ரெய்டர்ஸ் போய்விட்டது. மூன்றாவதாக ஏஸும் போனால் ஊருக்கு என்ன மிச்சம்? ஆனாலும், ஸ்டேடியம் தவிர சுற்றிலும் வீடு, ஹோட்டல், கடை என்று பெரிய நில வியாபாரத்தையும் சேர்த்துக் கேட்டால், எந்த நகராட்சிதான் உடனே கையெழுத்துப் போடும்?

2018-இல் காவிரிப் போராட்டத்தின்போது சென்னை டீமின் சொந்த ஊர் ஆட்டங்கள் புனேவுக்குப் போனதை நினைத்துப் பாருங்கள். ரசிகர்கள் ரயில் பிடித்துப் போனார்கள். நான் அப்போது ஏழாம் வகுப்பு, சேப்பாக்கத்தை நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் அழுதேன். நமக்கு அது ஒரு வருஷம்தான். அடுத்த வருஷம் திரும்பி வந்துவிட்டது.

2024 செப்டம்பர் 26, கொலீசியத்தில் கடைசி ஆட்டம். நமக்கு அது 27-ஆம் தேதி அதிகாலை ஒரு மணி. மறுநாள் எனக்கு யூனிட் டெஸ்ட். போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு பார்த்தேன். 46,889 பேர். இரண்டாயிரம் பேர் வந்த அதே இடத்தில்! ஓக்லண்டில் வளர்ந்து ஒரே சீசனில் 130 தடவை பேஸ் திருடிய ரிக்கி ஹென்டர்சனும், இன்னொரு பழைய நட்சத்திரம் டேவ் ஸ்டூவர்ட்டும் முதல் பந்தைப் போட்டார்கள். ஹென்டர்சன் அந்த டிசம்பரிலேயே இறந்து போனார். ஆட்டத்தில் டெக்சாஸை 3-2 என்று ஜெயித்தோம். முடிந்ததும் மேனேஜர் மார்க் காட்சே மைக் பிடித்து ஜனங்களுக்கு நன்றி சொன்னார். ஊர்ப் பெயரைச் சொல்லிக் கோஷம் போடச் சொன்னார். ஜனங்கள் கலையவே இல்லை. மைதானத்து மண்ணை அள்ளி வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். எங்கள் மில் மூடிய அன்று அப்பா தன் டிபன் பாக்ஸையும், லாக்கர் பூட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். பூட்டு இன்னும் வீட்டில் ஜன்னலில் தொங்குகிறது.

முதலாளி லாஸ் வேகாஸில் பழைய ட்ராபிகானா ஹோட்டலை இடித்த இடத்தில் 33,000 பேர் உட்காரும் ஸ்டேடியத்துக்கு 2025 ஜூனில் பூமி பூஜை போட்டார். 2028-இல் திறப்பதாகத் திட்டம். அதுவரை சாக்ரமென்டோ பக்கத்தில், சுமார் 14,000 பேர் கொள்ளும் இரண்டாம் தர லீக்கின் மைதானத்தில் ஆட்டம். 'பழைய ஸ்டேடியத்தில் ஆட முடியாது' என்றவர்கள் அதைவிடச் சின்னதில் ஒதுங்கியிருக்கிறார்கள்! 2025-இல் 76 வெற்றி. ரூக்கர், கர்ட்ஸ், வில்சன் என்று நல்ல பையன்கள். ஆட்டம் தேறிக்கொண்டிருக்கிறது, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். இந்தப் பையன்களைக் கொலீசியத்தில் ஆட விட்டிருந்தால் முரசுச் சத்தம் எப்படி இருந்திருக்கும்?

என்னைக் கேட்டால், ஒரு ஊர்ப் பெயரைப் போட்டுக்கொண்டு டிக்கெட் விற்கிற டீமில் அந்த ஊருக்கும் சிறிதாவது பங்கு இருக்க வேண்டும். மாற்ற வேண்டுமென்றால் ஊரைக் கேட்டு மாற்ற வேண்டும். நடக்காத காரியம் என்பார்கள். ஓக்லண்டில் 2024-இல் பாலர்ஸ் என்று ஒரு குட்டி டீம் ஆரம்பித்தார்கள். மேஜர் லீக் இல்லை. மேற்கு ஓக்லண்டில் ஒரு பொதுப் பூங்காவைச் சீர் செய்து கேலரி போட்டு ஆடுகிறார்கள். ரசிகர்களுக்கும் பங்கு விற்றார்கள், சாதாரண ஜனங்கள் வாங்கினார்கள். 2025-இல் தங்கள் லீக்கில் கோப்பையும் ஜெயித்தார்கள்.

நான் போனில் இரண்டு டீமின் ஸ்கோரையும் வைத்திருக்கிறேன். பாலர்ஸுக்கு நேராக 'ஓக்லண்ட்' என்று இருக்கும். மற்றதில் ஊர்ப் பெயரே இல்லை. வெறும் 'அத்லெட்டிக்ஸ்'. சாக்ரமென்டோ பெயரைக்கூடப் போட்டுக்கொள்ள மாட்டோம் என்று டீமே சொல்லிவிட்டது. விடுதியில் யாராவது "இது எந்த ஊர் டீம்டா?" என்று கேட்டால் நான் இன்றைக்கும் ஓக்லண்ட் என்றுதான் சொல்கிறேன்.